‘ஒடப்பு’ ஜெயபாரதி

பக்கத்தில் யார் கையைத் தூக்கினாலும் ஜெயபாரதி தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வாள். அடிப்பதற்காகத் தூக்க வேண்டும் என்பதில்லை. பேருந்தில் ஒருவர் கம்பியைப் பிடிக்கத் தூக்கினாலும், கரும்பலகையின் மேல் மூலையில் தேதி எழுத டீச்சர் தூக்கினாலும் அப்படித்தான். அரை நொடிதான். தாடை இறங்கும், தோள் ஏறும், பிறகு ஒன்றும் நடக்காதது போல நிமிர்ந்து உட்காருவாள். ஆறாம் வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். இப்போது எங்கள் இருவருக்கும் இருபத்தாறு வயது.

நகம் கடிப்பது போல, பேனா மூடியை மெல்லுவது போல, அவளுக்கு இது ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்பில் குழந்தைகள் உரிமை பற்றிய கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு கிடைத்தது. சான்றிதழை ஜெயபாரதிதான் மடங்காமல் வீடு வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கட்டுரையில் நான் என்ன எழுதினேன் என்று இன்று யோசித்தால், புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஜெயபாரதி இருந்த பக்கத்து வீட்டைத் தவிர.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கடைமடையில் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் பார்த்துவிட்டு, மிச்சமிருந்தால் எங்களிடம் வரும். ஜெயபாரதியின் அப்பா வைரக்கண்ணு ஆறு மா நிலம் குத்தகைக்கு உழுதார். குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், தெருவில் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். ஊரில் அவருக்கு நல்ல பேர். வீட்டுக்குள் அவர் அடிப்பார். அதையும் கோபமாகச் செய்ய மாட்டார், ஒரு வேலையைச் செய்வது போலச் செய்வார். முறைத் தண்ணீரை அவள் கவனிக்காமல் விட்டாலும், ஆடு நாற்றங்காலில் வாய் வைத்தாலும் புளியம்விளார்தான். அழுதால் இன்னும் இரண்டு. அதனால் ஏழு வயதுக்குள்ளேயே அவள் அழுகையைச் சத்தமில்லாமல் முடிக்கக் கற்றுக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்கு விளாரின் சத்தம் கேட்கும், அவள் சத்தம் கேட்காது. “பரவால்ல, லேசாத்தான் அடிக்கிறாரு” என்று என் அம்மா சொல்வார். ஜெயபாரதியின் அம்மா பூவம்மாள் அந்த நேரத்தில் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். எப்போதும் அதே பாத்திரங்கள்தான்.

ஒரே ஒரு சொல்லை மட்டும் அவள் தொண்டை கிழியக் கத்தலாம். ஒடப்பு. வாய்க்கால் கரையோ வரப்போ உடைத்துக்கொண்டு தண்ணீர் ஓடத் தொடங்கினால், முதலில் பார்த்தவர் அந்தச் சொல்லைக் கத்த வேண்டும். காதில் விழுந்தவர் யாராக இருந்தாலும், தட்டில் சோறு இருந்தாலும், மண்வெட்டியோடு ஓட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியின் வயலாக இருந்தாலும் ஓட வேண்டும். கரையில் காவல் நிற்பது ஜெயபாரதியின் வேலை. அவள் “ஒடப்பூ” என்று ஒரு தடவை குரல் கொடுத்தால் மூன்று வயல் தாண்டி ஆட்கள் வந்துவிடுவார்கள். அதற்கு மட்டும் வைரக்கண்ணு அவளை அடித்ததில்லை.

பத்தாம் வகுப்போடு அவள் பள்ளியை நிறுத்திவிட்டார்கள். நான் மேலே படித்து மன்னார்குடிக்குக் கல்லூரிக்குப் போனேன், அவள் நடவுக்குப் போனாள். பதினெட்டு முடிந்த மாதம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுக்க வேன் வந்தது. மாற்றுத் துணியைக் கட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள். “போனவ போனவதான், திரும்பி வந்தா வாசப்படி ஏறக் கூடாது” என்று வைரக்கண்ணு சொன்னார். அதை என்னிடம்தான் சொல்லி அனுப்பினார். நானும் போனில் அப்படியே சொன்னேன். “சரி, அப்ப எனக்குன்னு ஒரு எடம் பாத்துக்கணும், அவ்ளோதானே?” என்றாள்.

அந்த இடம், தொழிற்சாலை விடுதியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கிடங்கில் இருந்தது. தகரக் கூரை, நடுவில் கயிறு கட்டிய சதுர மேடை. புரொஃபஷனல் ரெஸ்லிங் நடத்தும் ஒரு சின்னக் கம்பெனி அங்கே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை, அறைத் தோழி ஒருத்தியோடு வேடிக்கை பார்க்கப் போனவள், மேடையில் ஏறிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள். பயிற்சியாளர் ஜெக்கரியா, குட்டையான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். மல்லாக்க விழுவதுதான் முதல் பாடம். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் பின்மண்டைதான் முதலில் தரையில் படும். தாடையை நெஞ்சில் ஒட்ட வைக்கவே மூன்று மாதம் ஆகும் என்பார்.

அவர் அவளைத் தள்ளக் கையைத் தூக்கினார். தாடை தானாக இறங்கியது. முதுகு பரப்பி விழுந்தாள், தலை தரையில் படவில்லை.

“யாருகிட்டம்மா கத்துக்கிட்டே?”

“எங்கப்பாகிட்ட, மாஸ்டர்.”

“அவரு ரெஸ்லரா?”

“இல்ல மாஸ்டர். குத்தகைக்காரரு.”

ஜெக்கரியா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை ஒருமுறை பார்த்தார். “நாளைலேர்ந்து வா” என்றார்.

இந்த ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. இதை அவள் போனில் சொன்னபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், “அப்ப எல்லாம் பொய்யா?” என்று கேட்டேன்.

“முடிவு மட்டுந்தான் பொய், கவி. முதுகு நெஜம்.”

விழுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் வந்தது. எவ்வளவு அடி வாங்கினாலும் அவளிடமிருந்து சத்தம் வராது. மேடையில் ஒரு பெண் தூக்கி எறியப்படுகிறாள், விழுகிறாள், எழுகிறாள், முகத்தில் ஒன்றும் இல்லை. பார்க்கிறவர்களுக்கு அது தூணைத் தள்ளிவிட்டது போல இருந்தது.

“வலியை விக்கணும்மா” என்பார் ஜெக்கரியா. “கடைசி வரிசைல உக்காந்திருக்கிறவன் வரைக்கும் வாங்கணும்.”

“எங்க ஊருல நெல்லையே ஈரமா இருக்குன்னு திருப்பி அனுப்புறாங்க மாஸ்டர். வலிய யாரு வாங்குவா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சத்தம் வரவில்லை. இரண்டு வருஷம் அவளை முதல் ஆட்டத்துக்கு, கூட்டம் உள்ளே வந்து உட்காரும் நேரத்துக்கு மட்டும் பயன்படுத்தினார்கள். அப்புறம் கொரோனா வந்து எல்லாம் மூடிக்கிடந்தது. மறுபடி திறந்தபோது, ஆள் குறைக்கப் போகிறோம், முதலில் போவது நீதான் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். தொழிற்சாலை வேலையையும் அதற்குள் அவள் விட்டிருந்தாள். ஊரில் ஏற வாசப்படி இல்லை.

அப்போதுதான் ஆசியா குறுக்கே வந்தார்.

ஆசியா ராயபுரத்துப் பெண். பதினோரு வருஷமாக மேடையில் இருந்தவர், தோற்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். நன்றாகத் தோற்கத் தெரிந்தவரிடம் ஜெயித்தால்தான் ஜெயித்தவர் பெரிய ஆளாகத் தெரிவார். அந்தக் கம்பெனியில் பெயர் வாங்கிய அத்தனை பெண்களும் ஆசியாவை வீழ்த்தித்தான் பெயர் வாங்கினார்கள். அவர் கையில் ஒரு சாம்பியன் பெல்ட்டும் வந்ததில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் ஜெயபாரதியை மேடையில் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“இன்னா டெல்டா, ஒங்க ஊர்ல ஆபத்துன்னா இன்னா சொல்லிக் கத்துவீங்கோ?”

“கரை ஒடஞ்சா ‘ஒடப்பு’ன்னு கத்துவோம்க்கா.”

“கத்து, கேப்போம்.”

“இங்க ஏதுக்கா கரை?”

ஆசியா அவள் நெஞ்சில் விரித்த கையால் ஓங்கி ஒன்று வைத்தார். ஜெயபாரதி வாயைத் திறந்தாள். “ஒடப்பூ!”

தகரக் கூரை அதிர்ந்தது. அடுத்த நிமிடம், வாசலில் காவலுக்கு இருந்த இராஜாங்கம் டீ கிளாசோடு உள்ளே ஓடிவந்தார். அவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர்.

“எங்க? எங்கம்மா ஒடப்பு?”

ஆசியா கயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாத்தியா? ஒருத்தன் வாங்கிட்டான்.”

அதற்குப் பிறகு அவள் ‘ஒடப்பு’ ஜெயபாரதி ஆனாள். ஆட்டத்தின் கடைசிப் பெரிய அடி விழும்போது அந்த ஒரு சொல்தான். சென்னைக் கூட்டத்துக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் யாரோ உயிர் போகிற அவசரத்தில் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து நின்று பார்த்தார்கள்.

அந்த வருஷம் மலேசியாவிலிருந்து ஒரு கம்பெனி ஒரு பெண்ணை மட்டும் எடுத்துக்கொள்ள வந்தது. அன்று ஜெயபாரதியோடு நடந்த ஆட்டத்தில் ஆசியா ஜெயிப்பதாகத்தான் பேசி வைத்திருந்தார்கள். இத்தனை வருஷம் தோற்றவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று ஜெக்கரியாவே எழுதியது. ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்பு ஆசியா அதை மாற்றச் சொன்னார். பிறகு மேடை ஏறி, தன் வாழ்க்கையிலேயே மிக நல்ல தோல்வியைத் தோற்றார். எட்டு நிமிடத்தில் ஜெயபாரதி மலை மாதிரித் தெரிந்தாள். மலேசியாக்காரர்கள் அன்று மாலையே அவளிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

“ஏன்க்கா இப்டி பண்ணீங்க?”

“எனக்கு முட்டி போச்சு. போறதுக்கு ராயபுரத்துல வூடு கீது. ஒனக்கு எங்க கீது?” ஆசியா முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டே சொன்னார். “சும்மா ஒண்ணும் குடுக்கல. ஒரு தோல்வி வச்சுகிறேன் ஒம்மேல. திருப்பிக் குடுத்துரணும்.”

“மொய் மாதிரியாக்கா?”

“அது இன்னாது?”

“எங்க பக்கம், நம்ம விசேஷத்துக்கு ஒருத்தங்க வந்து வச்சா, அவங்க விசேஷத்துக்கு நாம போயி வைக்கணும். வைக்காம விட்டா மானம் போயிரும்.”

“ஆங், அதான். எங்க வூட்டு விசேஷம் வந்தா சொல்லி அனுப்புறேன்.”

கிள்ளானிலும் ஈப்போவிலும் அவள் பெயர் வளர்ந்த கதையை நான் வீடியோவில்தான் பார்த்தேன். அங்குள்ள தமிழ்க் குழந்தைகள் அவள் மேடைக்கு நடந்து வரும்போதே “ஒடப்பு, ஒடப்பு” என்று தாளம் போடுகிறார்கள். இரண்டாம் வருஷம் பெண்களுக்கான பெல்ட்டை வென்றாள். விமான நிலையத்தில் அவளோடு படம் எடுக்க ஆட்கள் நிற்கிறார்கள். நான் குரூப் நான்கு தேர்வை மூன்றாம் முறை எழுதிக்கொண்டிருந்தேன். பொறாமையா என்று என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் இருந்தது. ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் முதுகும் நிமிர்ந்தது, அதுவும் உண்மை.

பூவம்மாள் அத்தையும் அந்த வீடியோக்களைப் பார்த்தார். வைரக்கண்ணு வீட்டில் இருப்பார் என்பதால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து பார்ப்பார். மகள் பேசாமல் பறந்து விழுவதை மட்டும் பார்ப்பார்.

ஆசியாவின் விசேஷம் போன வருஷம் வந்தது. முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், அதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் ஆடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஜெயபாரதி உடனே மலேசியாக் கம்பெனியிடம் பேசினாள். பெல்ட்டை ஆசியாவிடம் தோற்கிறேன், ஒரு மாதம் அவரிடம் இருக்கட்டும், பிறகு அவர் ஓய்வை அறிவிக்கட்டும் என்றாள். அவர்கள் சம்மதித்தார்கள். இடத்தை அவளே தேர்ந்தெடுத்தாள்: திருத்துறைப்பூண்டி.

ஜெக்கரியா வேண்டாம் என்றாராம். “சொந்த ஊர்ல தோக்குறது லேசில்லம்மா.”

“அதுக்குத்தான் மாஸ்டர். யாருமில்லாத எடத்துல தோத்தா அது அரைத் தோல்வி. அக்கா எனக்கு முழுசா வச்சாங்க.”

மாசி மாதம், அறுவடை முடிந்து கையில் வேலை இல்லாத நேரம். ஊருக்கு வெளியே ஒரு திடலில் மேடை போட்டார்கள். மாலை நான்கு மணிக்கே கூட்டம் நிரம்பிவிட்டது. வைரக்கண்ணு வரவில்லை. பூவம்மாள் அத்தையைக் கூட்டிப்போய் இரண்டாவது வரிசையில் உட்கார வைப்பது என் பொறுப்பு. அன்று காலையில் ஜெயபாரதி போன் செய்தாள். “கவி, அம்மாகிட்ட நீ எடுத்துச் சொல்லிரு. நான் தோக்கப்போறேன், அது பேசி வச்சது, பயப்படக் கூடாதுன்னு.”

சொன்னேன்.

“பேசி வச்சதா? யாரு பேசுனா?” என்றார் அத்தை.

“அவளேதான் அத்தை.”

“அவ பேசுனாளா? அப்பச் சரி.” முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ஆசியா மேடை ஏறியபோது, “இந்தப் பொண்ணா நம்ம பாரதிய ஜெயிக்கப் போவுது? பாவம், கால நொண்டுதே” என்று கவலைப்பட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன் என்றுதான் நினைத்தேன். அவள் மேடையில் என்ன சொல்லிக் கத்துவாள் என்பதைச் சொல்லவில்லை. அத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அவர் ஒரு வீடியோவைக் கூடச் சத்தத்தோடு பார்த்ததில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

ஆட்டம் அழகாகப் போனது. ஆசியா நொண்டிக்கொண்டே, விட்டுக்கொடுக்காமல், அடிமேல் அடி கொடுத்தார். எங்கள் ஊர் ஆட்களே பாதிக்கு மேல் அவருக்குக் கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆறாவது நிமிடம் ஜெயபாரதியைத் தோளுக்கு மேல் தூக்கித் தரையில் போட்டார். அதுதான் கடைசி. அடுத்து ஆசியா மேலே படுத்து அழுத்த, நடுவர் மூன்று எண்ணினால் முடிந்தது. முடிவதற்கு முன் ஜெயபாரதி வழக்கம்போல ஒரு குரல் கொடுத்தாள்.

“ஒடப்பூ!”

திடலில் இருநூறு பேராவது எழுந்து நின்றார்கள். எனக்குப் பின்னால் இருந்த பெரியவர் செல்லதுரை செருப்பைத் தேடினார். பிறகு எங்கே இருக்கிறோம் என்று உறைத்து, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அத்தை சிரிக்கவில்லை. புடவையை நடவுக்குச் செருகுவது போல இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டார். அவர் கை என் கையில்தான் இருந்தது. இறுக்கிப் பிடித்திருந்தால் நின்றிருப்பார். நான் விட்டேன். அதிர்ச்சியில் விட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அந்தப் பெண் தன் மகளிடம் ஓடுவதைப் பதினைந்து வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த யாரோ ஒருத்தி எனக்குள் இருந்து விட்டாளோ என்றும் தோன்றுகிறது. இதில் எது சரி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

மேடையில் நடுவர் பிரபு ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டார். மூன்றுக்குக் கை இறங்கும்போது அத்தை கயிற்றின் மேல் ஏறியிருந்தார். கால் கீழ்க் கயிற்றில் சிக்கி, தலைகீழாக மேடைக்குள் சரிந்தார். ஆசியா பார்த்தார். ஜெயபாரதியை விட்டுவிட்டுப் பாய்ந்து, தரையில் தலை படுவதற்கு முன்னால் அத்தையை இரண்டு கைகளிலும் ஏந்தினார். முழுப் பாரமும் அந்த முழங்காலில் இறங்கியது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பிரபுவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தரையில் கிடந்த ஆசியா அவரைக் கூப்பிட்டு, வாய் அசையாமல் சொன்னாராம்: “கூட்டம் பாக்குதுடா. எண்ணு.”

பத்து எண்ணினார். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. ஜெயபாரதி எழுந்து ஓடிவந்தாள், ஆசியாவால் எழ முடியவில்லை. பத்துக்குள் எழாதவர் தோற்றவர் என்ற விதிப்படி ஜெயபாரதி ஜெயித்தாள். திடல் முழுக்க விசில். யாரோ பெல்ட்டைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டார்கள். அவள் அது இருப்பதே தெரியாமல் ஆசியாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா பண்ணுன நீ?” என்றாள் அத்தையிடம்.

“நீ கூப்புட்டியேடி. கூப்புட்டா வராம இருப்பாங்களா?”

“இதுக்கு முன்னாடி வந்ததில்லயேம்மா.”

“முன்னாடி நீ கூப்புட்டதில்லயே” என்றார் அத்தை. அதை அவர் முழுசாக நம்பித்தான் சொன்னார். ஜெயபாரதி அம்மா செருகியிருந்த புடவையை இழுத்துக் கீழே விட்டுச் சரிசெய்தாள். அன்று முதல் அத்தை மகளோடு தினமும் போனில் பேசுகிறார், அடுப்படியில் இல்லை, வாசலில் உட்கார்ந்து, சத்தமாக. வைரக்கண்ணு எழுந்து வயலுக்குப் போய்விடுகிறார்.

ஆசியாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. இனி மேடை ஏறக் கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது அதே கிடங்கில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். ஜெயபாரதி பெல்ட்டை எடுத்துக்கொண்டு இரண்டு முறை ராயபுரத்துக்குப் போனாள். இரண்டு முறையும் பிரியாணி போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

“தோத்துட்டுக் குடு, வாங்கிக்கிறேன். சும்மா குடுத்தா அது ஒன்னுது.”

போன மாதம் ஈப்போவில் ஜெயபாரதி மறுபடியும் ஜெயித்தாள். புது ஒப்பந்தத்தில், ஆசியா கேட்கும் நாளில் கேட்கும் ஊரில் அவரோடு ஒரு ஆட்டம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறாள். கம்பெனிக்காரர்களும் சேர்த்துவிட்டார்கள். அந்த வரியில் தேதி போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. ஆசியாவிடம் அவள் இன்னும் தோற்கவில்லை.